ஒலி கலம் மாறிய வரலாறு

சொல்லும் பாட்டும் காற்றில் பிறந்து காற்றிலேயே கரைபவை. எழுதிய எழுத்தை மறுபடியும் படிக்கலாம். தீட்டிய ஓவியத்தை மறுபடியும் காணலாம். பேசிய பேச்சோ, பேசி முடிந்த கணத்திலேயே மறைந்துவிடுகிறது. மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகள் இந்த இழப்பை இயற்கை என்றே ஏற்றுக்கொண்டு வாழ்ந்தது. ஒலியைப் பிடித்து வைக்கும் கலைக்கு இன்று வயது நூற்றறுபதைச் சற்றே தாண்டியிருக்கிறது; அவ்வளவுதான். ஆயினும் அச்சிறு காலத்திற்குள் ஒலி எத்தனை கலங்களில் குடியேறிவிட்டது! காகிதம், வெள்ளீயத் தாள், மெழுகு, அரக்கு, காந்த நாடா என மாறி மாறி, இறுதியில் அது எண்களின் வரிசையாகக் கணினிக்குள் புகுந்துவிட்டது. எண்ணெயை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு ஊற்றினால் சிறிது பழைய கலத்திலேயே ஒட்டிக்கொள்ளும், சிறிது சிந்தும். ஒலி கலம் மாறுங்கால் எஞ்சுவது எது, சிந்துவது எது என்பதே இன்று நாம் ஆராய இருக்கும் பொருள்.

இப்பொருளில் எனக்கு ஈடுபாடு உண்டானதற்கு வருந்தத்தக்க காரணம் ஒன்று உண்டு. நான் இளம் ஆசிரியனாகப் பணியாற்றிய பள்ளியில் முதிய தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். 1987-ஆம் ஆண்டில் அவர் ஓய்வு பெற்றபோது, அவருடைய கடைசி வகுப்பைக் கேசட் ஒன்றில் பதிவு செய்து வைத்தோம். 2006-ஆம் ஆண்டில், நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், அதனைக் கணினிக் கோப்பாக மாற்றித் தரும்படி கடை ஒன்றில் கொடுத்தோம். கோப்பு வந்தது. கேசட்டை இயக்கும் கருவி பள்ளியில் பழுதாகிக் கிடந்தமையால், பயன்படாப் பொருள்களின் பட்டியலில் அந்தக் கேசட்டும் சேர்ந்தது. அப்பட்டியலில் கையெழுத்திட்டவன் நானே. அதன் விளைவைப் பின்னர்க் கூறுகிறேன். அதனை விளங்கிக்கொள்ள வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

பாரிஸ் நகரத்து அச்சுத் தொழிலாளர் எதுவார்-லெயோன் ஸ்காட் என்பவர் 1857-ஆம் ஆண்டில் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். விளக்குப் புகைக்கரி பூசிய காகிதம் ஓர் உருளையின்மேல் சுற்றப்பட்டிருக்கும். ஒலியால் மெல்லிய சவ்வொன்று அதிரும். அதனோடு பொருத்திய விறைப்பான மயிர் அக்கரியின்மீது அலைக்கோடு வரையும். ஒலியைக் கண்ணால் காண்பதே அவருடைய நோக்கம். அதனை மீண்டும் கேட்கலாம் என்னும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. 1860-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் ஒரு பிரெஞ்சு நாட்டுப் பாடலின் சில அடிகள் அவ்வாறு கோடுகளாயின. அக்காகிதம் 148 ஆண்டுகள் ஊமையாகவே கிடந்தது. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் அதனை நுட்பமாகப் படம் பிடித்து, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தின் துணையுடன், அக்கோடுகளைக் கணினியின் ஒலிக்கோப்பாக மாற்றினர். புகைக்கரி பாடிற்று!

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று அடங்கியுள்ளது. முதலில் கேட்ட குரல் ஓர் இளம்பெண்ணின் குரல் போல் ஒலித்தது. அவ்வாறே உலகமும் நம்பிற்று. மறு ஆண்டில்தான் உண்மை வெளிப்பட்டது: கோப்பு இருமடங்கு வேகத்தில் ஓடியிருந்தது. வேகத்தைப் பாதியாக்கியபோது ஓர் ஆடவர் நிதானமாகப் பாடுவது கேட்டது. அவர் ஸ்காட்டே என்று ஆராய்ச்சியாளர் கொண்டனர். பிழையைத் திருத்த முடிந்தது எங்ஙனம்? குரலின் கோட்டிற்கு அருகிலேயே இசைக்கவை ஒன்றின் அதிர்வையும் ஸ்காட் வரைந்து வைத்திருந்தார். அதுவே காலத்தை அளக்கும் கோலாயிற்று. ஒலியைச் சேமித்தால் மட்டும் போதாது. அதனைப் படிக்கும் அளவையையும் உடன் சேமித்தல் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி நன்கு உணர்த்துகிறது. இன்றைய ஒலிக்கோப்பின் தலைப்பகுதியில் அதன் வேகமும் அளவும் எழுதப்பட்டிருப்பது இது கருதியே.

1877-ஆம் ஆண்டில் எடிசன் தம் போனோகிராப் கருவியைச் செய்தார். உருளைமேல் சுற்றிய வெள்ளீயத் தாளில் ஊசி பள்ளம் இடும். அதே பள்ளத்தில் ஊசி மீண்டும் ஓடினால் ஒலி எழும். பதித்ததை அப்போதே கேட்கும் பேறு மனிதனுக்கு முதன்முதலாக வாய்த்தது. ஆனால் சில முறை கேட்டவுடன் தாள் தேய்ந்துவிடும். பின்னர் மெழுகு உருளை வந்தது. எமில் பெர்லினர் 1887-இல் காப்புரிமை கோரிய கிராமபோன், உருளையைக் கைவிட்டுத் தட்டையைக் கைக்கொண்டது. மூலத் தட்டிலிருந்து அச்சு எடுத்து ஆயிரக்கணக்கான படிகளை வார்க்க அதனால் இயன்றது. அத்தட்டுகளுக்கு வேண்டிய அரக்கின் பெரும்பகுதி நம் இந்திய நாட்டிலிருந்தே சென்றது.

1902-ஆம் ஆண்டு நவம்பரில் பிரெட் கைஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் கௌஹர் ஜான் அம்மையாரின் பாட்டைப் பதிவு செய்தார். மெழுகில் பதிந்த பாட்டு கடல் கடந்து ஜெர்மனியின் ஹானோவர் நகரம் சென்று, அங்கே தட்டாக வார்க்கப்பட்டுத் திரும்பிற்று. பாடலின் முடிவில் அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறுவார். தட்டு வார்க்கும் தொழிலாளர் பாடியவர் இன்னார் என்று அறிதற்கு அஃது உதவியது. ஸ்காட்டின் இசைக்கவை காலத்தைச் சொல்லிற்று. கௌஹர் ஜானின் அறிவிப்பு பெயரைச் சொல்லிற்று. கலம் மாறும் ஒலிக்கு இவ்விரண்டும் வழித்துணை.

கலம் தன்னுள் அடங்கும் பொருளையும் மாற்றிவிடுகிறது. நிமிடத்திற்கு ஏறக்குறைய 78 முறை சுழன்ற அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களே அடங்கும். மணிக்கணக்கில் விரித்துப் பாட வேண்டிய இராகத்தைப் பாடகர் மூன்று நிமிடத்திற்குள் சுருக்கிக்கொண்டனர். 1948-இல் நீண்டநேர இசைத்தட்டு வந்த பின்னரே ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் பாட இடம் கிடைத்தது.

இதற்கிடையில் காந்தம் ஒலியைத் தாங்கக் கற்றது. டென்மார்க்கின் வால்டெமார் பௌல்சன் 1898-இல் எஃகுக் கம்பியில் ஒலியைப் பதித்தார். 1928-இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் பிளாய்மர் என்பவர் இரும்புத் துகள் பூசிய நாடாவுக்கு வழி கண்டார். 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் நாடாப் பதிவுக் கருவி காட்டப்பெற்றது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட சிறு கேசட், ஒலிப்பதிவை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. வெட்டி ஒட்டவும், அழித்து எழுதவும், படி எடுக்கவும் நாடா வசதியாயிற்று. ஆயினும் படிக்குப் படி எடுக்குந்தோறும் இரைச்சல் கூடிற்று. நான்காம் படியில் பாட்டைக் காட்டிலும் இரைச்சலைப் பொறுத்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்ததை என் தலைமுறையினர் நன்கு அறிவர்.

இந்த இடரை நீக்கியது ஒரு புதிய சிந்தனை. ஒலியின் அலையைப் பள்ளமாகவோ காந்தமாகவோ போலி செய்யாமல், எண்ணாக எழுதிவைத்தால் என்ன? ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1937-இல் பாரிஸில் பணியாற்றியபோது இம்முறையை வகுத்தார். காய்ச்சல் கண்டவருக்குச் செவிலி மணிக்கொரு முறை வெப்பம் பார்த்துக் குறித்து வைப்பதில்லையா? அதுபோலவே அலையின் உயரத்தைச் சிறு சிறு இடைவெளியில் அளந்து குறித்துக்கொள்வது. எவ்வளவு அடிக்கடி அளக்க வேண்டும் என்பதற்கு நைக்விஸ்ட் 1928-இலும் ஷானன் 1949-இலும் கணித அடிப்படை தந்தனர்: பதிய விரும்பும் மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்கிற்கு மேலாக அளத்தல் வேண்டும். மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். ஆகவே 1982-இல் சந்தைக்கு வந்த சி.டி. எனப்படும் குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 முறை ஒலி அளக்கப்பட்டது. ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில், அதாவது 65,536 படிநிலைகளில் ஒன்றாக, எழுதப்பட்டது. எண்ணைப் படி எடுப்பதில் இரைச்சல் ஏது? ஏழை ஏழு என்று எழுதினால் நூறாவது படியிலும் அஃது ஏழே.

ஆனால் எண்கள் பெருங்கூட்டமாயின. இரண்டு காதுகளுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு நொடிக்கு 14,11,200 பிட்டுகள். மூன்று நிமிடப் பாட்டிற்கு 3 கோடியே 17 லட்சம் பைட்டுகளுக்கு மேல் வேண்டும். 1991-இல் மைக்ரோசாப்ட், ஐ.பி.எம். நிறுவனங்கள் வகுத்த ‘வேவ்’ என்னும் கோப்பு வடிவம் இவ்வெண்களைச் சுருக்காமல் அப்படியே வைத்துக்கொள்வது வழக்கம். 1990-களின் நடுவில் தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 28,800 பிட்டுகள் அனுப்பும் மோடம் நல்ல மோடமாகக் கருதப்பட்டது. அதன் வழியே அந்த ஒரு பாட்டை அனுப்ப ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும்!

இந்நெருக்கடிக்கு ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்தில் விடை தேடினர். தொலைபேசி வழியே இசையை அனுப்பும் கனவு கண்ட பேராசிரியர் தீட்டர் சைட்சரின் மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்பவரும், பிரான்ஹோபர் ஆய்வு நிலையத்தாரும் பிறரும் உழைத்து உருவாக்கிய முறையே பின்னர் எம்.பி.3 என்று பெயர் பெற்றது. பன்னாட்டுத் தர அளவையாக அது 1993-இல் வெளியாயிற்று. கோப்பின் பெயருக்குரிய ஈற்று 1995-ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று முடிவு செய்யப்பட்டது.

அவர்கள் செவியின் பலவீனத்தையே தம் பலமாகக் கொண்டனர். திருவிழாவில் தவில் முழங்கும்போது பக்கத்தில் நிற்பவர் முணுமுணுப்பது நம் காதில் விழுவதில்லை. பேரொலி சிற்றொலியை மறைக்கிறது. அவ்வாறு மறைக்கப்படும் ஒலிக்கு ஏன் இடம் தர வேண்டும்? அதனை நீக்கிவிடலாம், அல்லது குறைந்த நுட்பத்தோடு எழுதலாம் என்று அவர்கள் கருதினர். நொடிக்கு 1,28,000 பிட்டுகள் கொண்ட எம்.பி.3 கோப்பு, மூலத்தின் பதினொன்றில் ஒரு பங்கே. இரண்டரை மணி நேரப் பயணம் பதின்மூன்று நிமிடமாகக் குறைந்தது.

நீக்கத்தக்கது இது, நீக்கத்தகாதது இது என்று தீர்ப்பது எளிதன்று. சூசன் வேகா என்னும் அமெரிக்கப் பாடகி பக்க இசை ஏதுமின்றித் தனிக்குரலில் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ என்ற பாட்டைத் தம் முறையால் சுருக்கிக் கேட்டபோது பிராண்டன்பர்க் திடுக்கிட்டார். மற்ற இசைக்குப் பொருந்திய முறை அக்குரலைக் குலைத்துவிட்டது. அவர் அப்பாட்டையே உரைகல்லாகக் கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டுக் குறைகளைக் களைந்தார். வாத்தியங்களின் முழக்கத்தில் பிழை ஒளிந்துகொள்ளும். தனித்து நிற்கும் மனிதக் குரலில் அதற்கு ஒளிய இடமில்லை.

ஒன்றையும் நீக்காமலே சுருக்க வழி உண்டா? உண்டு. 1000, 1003, 1005, 1004 என்னும் எண்களை அப்படியே எழுதாமல், ‘1000, கூட்டு 3, கூட்டு 2, கழி 1’ என்று எழுதினால் இடம் மிச்சமாகும், செய்தியில் ஒரு புள்ளியும் குறையாது. ஜோஷ் கோல்சன் என்பவர் தொடங்கி 2001-இல் முழுமையாக வெளியிட்ட ‘பிளாக்’ என்னும் வடிவம் இத்தகைய கணக்கினால் ஆயது. அடுத்து வரும் எண்ணை முன்கூட்டியே ஊகித்து, ஊகத்திற்கும் உண்மைக்கும் உள்ள வேற்றுமையை மட்டும் அது எழுதுகிறது. கோப்பு பெரும்பாலும் மூலத்தின் பாதியளவாகவோ அதனினும் சற்று மிகுதியாகவோ அமையும். விரித்தால் மூல எண்கள் ஒன்று குறையாமல் கிடைக்கும்.

மாணவ நண்பர்களே! கணினியில் ஒலிக்கோப்பை மாற்றுவோர் கருத்தில் கொள்ள வேண்டிய வேறுபாடு இதுவே. வேவ் கோப்பைப் பிளாக் கோப்பாக மாற்றுவது, நெல்லை ஒரு சாக்கிலிருந்து மறு சாக்கிற்கு மாற்றுவது போன்றது, மணி குறையாது. வேவ் கோப்பை எம்.பி.3 ஆக்குவது நெல்லைக் குத்தி அரிசியாக்குவது போன்றது. உண்பதற்கு அதுவே ஏற்றது, ஆனால் உமியும் தவிடும் போயின. எம்.பி.3 கோப்பை மீண்டும் வேவ் ஆக்குவதோ, அரிசியை நெற்குதிரில் கொட்டி வைப்பதற்கு ஒப்பாகும். குதிரில் கிடப்பதனால் அரிசி நெல் ஆகிவிடுமா? நொடிக்கு 1,28,000 பிட்டுகள் கொண்ட கோப்பு பதினொரு மடங்கு பெருக்கும். போன ஒலியில் ஒரு துளியும் திரும்பாது. எம்.பி.3 கோப்பை வேறொரு சுருக்க வடிவிற்கு மாற்றினாலோ, அரிசியை மேலும் ஒரு முறை தீட்டியது போலாகும். கோப்பின் பெயரின் ஈற்றெழுத்துகளை மட்டும் மாற்றிவிட்டு வடிவத்தை மாற்றிவிட்டதாக எண்ணுவாரும் உளர். அது மூட்டையின்மேல் ஒட்டிய சீட்டை மாற்றுவதே தவிர வேறன்று.

அவ்வாறாயின் எம்.பி.3 தீயதா? அன்று. உலகத்து இசையைச் சட்டைப் பைக்குள் கொண்டுவந்த பெருமை அதற்கு உண்டு. அதன் காப்புரிமைகளுக்கான உரிமக் கட்டண ஏற்பாடும் 2017-ஆம் ஆண்டில் முடிவுற்று, இன்று அது யாவருக்கும் பொதுவாகிவிட்டது. அரிசி தீயதென்று எந்த உழவரும் சொல்லமாட்டார். ஆனால் விதைநெல்லைக் குத்தி உண்பவரை அவர் மன்னிக்கவும் மாட்டார்.

என் கதைக்குத் திரும்புகிறேன். 2015-ஆம் ஆண்டில் அத்தமிழாசிரியருக்கு நினைவுக் கூட்டம் நடத்த விரும்பிய பழைய மாணவர்கள், அவருடைய குரலை ஒலிபரப்ப வேண்டும் என்றனர். கோப்பைத் திறந்தோம். கடையில் இடத்தை மிச்சப்படுத்த மிகக் குறைந்த அளவில் சுருக்கியிருந்தார்கள் போலும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் குரல் வந்தது. சகரம் வரும் இடமெல்லாம் மழுங்கியிருந்தது. அவர் பேசிக்கொண்டே கரும்பலகையில் எழுதுவார். சுண்ணக்கட்டி உரசும் அந்த மெல்லோசை கேசட்டில் இருந்ததை நான் அறிவேன். கோப்பில் அது இல்லை. குரலால் மறைக்கப்பட்ட சிற்றொலி என்று கணக்கு அதனைத் தள்ளிவிட்டது. கணினி பயின்ற பழைய மாணவர் ஒருவர் அதனை வேவ் கோப்பாக மாற்றிப் பார்த்தார். கோப்பு பெருத்தது; குரல் திரும்பவில்லை. ‘ஐயா, அந்தக் கேசட் இருந்தால் போதும், இன்றைய கருவியில் மறுபடியும் எடுத்துவிடலாம்’ என்றார். நான் விடை கூற இயலாமல் நின்றேன்.

கடைக்காரர் கேட்டதைக் கொடுத்தார். சுருக்கிய கோப்பு இது, சுருக்காத கோப்பு இது என்று கேட்கும் அறிவு எனக்கு இல்லை. தன் மாணவர்க்கு மூலத்தையும் படியையும் வேறுபடுத்திக் காணுமாறு ஆண்டுதோறும் கற்பித்த நானே, மூலத்தைக் குப்பைக்கு அனுப்பினேன். ஆகையால்தான் இதனை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

கலம் மாற்றாமல் இருந்துவிடலாம் என்று எண்ணவும் இயலாது. நாடாவின் பூச்சு உதிர்கிறது, பூஞ்சணம் படர்கிறது, அதனை இயக்கும் கருவியும், கருவியைப் பழுது பார்க்கும் கைகளும் அருகி வருகின்றன. எனவே பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகச் சங்கத்தார் சில நெறிகளை வகுத்துள்ளனர். பழைய பதிவைச் சுருக்காத வேவ் வகைக் கோப்பாகவே காக்க வேண்டும். ஒவ்வோர் அளவையும் 24 பிட்டுகளாகவும், நொடிக்கு 48,000 முறைக்குக் குறையாமலும், இயன்றால் 96,000 முறையும் அளக்க வேண்டும் என்பது அவர்கள் அறிவுரை. சுருக்கிய படியைக் கேட்பதற்கும் அனுப்புவதற்கும் மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பாட்டனார் குரலோ, பாட்டியின் தாலாட்டோ, அத்தையின் திருமணத்தில் ஒலித்த நாகசுரமோ பதிந்த கேசட் ஒன்று கிடக்கலாம். அதனை மாற்ற முற்படுவீராயின் மூன்றினை மறவாதீர். முதலாவது, முதல் கோப்பைச் சுருக்காமல் எடுங்கள். இடம் போதவில்லையெனில் பிளாக் வடிவில் வையுங்கள். இரண்டாவது, பேசியவர் யார், எந்த நாள், எந்த ஊர் என்பதைக் கோப்போடு எழுதி வையுங்கள்; ஸ்காட்டின் இசைக்கவையையும் கௌஹர் ஜானின் அறிவிப்பையும் நினைவில் கொள்ளுங்கள். மூன்றாவது, மாற்றியாயிற்று என்று மூலத்தை எறிந்துவிடாதீர்கள். இன்று நமக்குக் கேளாத ஒன்றை நாளை வரும் கருவி அதிலிருந்து கேட்கக்கூடும். புகைக்கரி பூசிய ஒரு காகிதத்தை 148 ஆண்டுகள் பாரிஸில் எவரோ எறியாமல் வைத்திருந்தனர். அதனால் அன்றோ அது பாடிற்று!

எங்கள் தமிழாசிரியரின் வகுப்பு அவ்வாறு திரும்பப் போவதில்லை. உங்கள் பரணில் இருப்பதேனும் தப்பட்டும்.